மோரிஸ் மைனர் ஓப்பன் டாப் விலைக்கு வந்தா: காசு எண்றதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது எல்லாம்

நான் வளந்தது மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்லருந்து லிந்தாங் போற ரோட்டுல உள்ள ஒரு தோட்டத்துல. எங்க தோட்டத்துல அந்தக் காலத்துல ரெண்டே ரெண்டு காடிதானாம், அதான் கார், ஒன்னு தொரையோடது, இன்னொன்னு தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணியோட மோரிஸ் மைனர். அப்பா சின்ன பையனா இருக்கறப்போ ஞாயித்துக்கிழமை காலைல அந்தக் காடியக் கழுவி, துணி போட்டு தொடைச்சி, இருபது சென் வாங்குவாராம். கிராணி அந்த மைனரோட ஹூட்ட, அதான் துணிக் கூரைய, மடிச்சிட்டு குடும்பத்தோட கோலக் கங்சார் போறத லயத்து வாசல்ல நின்னு பாத்த கதைய அப்பா நூறு தடவ சொல்லியிருப்பாரு. அதனால எனக்கு இந்தக் காடி மேல இருக்கற ஆச வெறும் பழைய சாமான் ஆச இல்ல.

ஆசைய வெச்சிக்கிட்டுதான் நான் மொதல்ல ஏமாந்தேன். ரெண்டு வருஷம் சேத்த காசக் குடுத்து சிவப்பு கலர்ல பளபளன்னு ஒன்னு வாங்கினேன், "ஃபுல் ரெஸ்டோர், தண்ணி மாதிரி ஓடும்"னு சொன்னாங்க, ஓடவும் ஓடிச்சி. மூனாவது மாசம் பின்னாடி அம்மாவையும் தங்கச்சியையும் ஒக்கார வெச்சிக்கிட்டு தோட்டத்து செம்மண் ரோட்டுல ஒரு குழில எறங்கினேன், தங்கச்சி பக்கத்துக் கதவு தானா தொறந்துக்கிச்சி. நல்ல வேளை மெதுவாதான் போனேன். அப்புறம் காடி ரிப்பேர் பாக்கற போமென் அண்ணன்கிட்ட கொண்டு போனா, அவரு கார்பெட்ட தூக்கிப் பாத்துட்டு ஒன்னும் பேசாம என் கையப் புடிச்சி உள்ள வெச்சாரு. கதவுக்குக் கீழ இரும்பு இருக்க வேண்டிய எடத்துல ஃபைபரும் பட்டியும். அது ஒரிஜினல் ஓப்பன் டாப்பே இல்ல, சாதா ரெண்டு கதவு சலூனோட, அதாவது மூடின காடியோட, கூரைய வெட்டி எடுத்துட்டு துணி போட்டது. "தம்பி, நீ வாங்கினது பெயின்ட்டு"ன்னாரு. அந்த வார்த்த இன்னும் எனக்கு வலிக்கும். அதுக்கப்புறம் கத்துக்கிட்டதெல்லாம்தான் இது, அடுத்தவங்களுக்கு அந்த மாதிரி ஆகக் கூடாது.

ஒரு விஷயத்த மட்டும் மனசுல போட்டுக்கங்க, மத்ததெல்லாம் அதுலருந்துதான் வருது. மூடின காடிக்கு கூரையும் சேந்து பலம் குடுக்குது, முட்ட ஓடு மாதிரி. ஓப்பன் டாப்ல அந்தக் கூரை இல்ல, அதனால முழு பாரத்தையும் தாங்கறது கதவுக்குக் கீழ முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல ஓடுற அந்த நீளமான பெட்டித் தகரம்தான். சில்னு சொல்லுவாங்க. சில் போச்சின்னா காடியே போச்சி, எஞ்சின் எவ்ளோ நல்லா இருந்தாலும் சரி.

போறதுக்கு முன்னாடி: என்ன வருஷத்து காடின்னு தெரிஞ்சிக்கங்க

விக்கிறவரு சொல்ற வருஷமும் காடியும் ஒத்துப் போகுதான்னு பாக்க உங்களுக்குக் கொஞ்சம் சரித்திரம் தெரியணும். மைனர் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சில 1948 அக்டோபர்ல வந்திச்சி, டிசைன் பண்ணது அலெக் இசிகோனிஸ், பின்னாடி மினி காரையும் இவருதான் பண்ணாரு. அதே 1948 ஜூன்லதான் நம்ம சுங்கை சிப்புட் தோட்டங்கள்ல வெள்ளக்கார தொரைங்க மூனு பேர சுட்டு, நாடு முழுக்க அவசரகாலம் வந்திச்சி. அப்படிப்பட்ட காலத்துல தோட்டத்து ரோட்டுல ஓடின காடி இது, அதனாலதான் நம்ம பக்கத்துப் பெருசுங்க இதப் பாத்தா நின்னு பேசாமப் போக மாட்டாங்க.

மொத மாடல்ல எஞ்சின் 918 சிசி, வால்வு பக்கவாட்டுல இருக்கற பழைய முறை. 1952லருந்து 803 சிசி ஏ சீரிஸ் எஞ்சின் வந்திச்சி. 1956ல மைனர் 1000, எஞ்சின் 948 சிசி, முன் கண்ணாடியும் அப்பதான் ரெண்டு துண்டுலருந்து ஒரே துண்டாச்சி. 1962ல 1,098 சிசி. இண்டிகேட்டரும் ஒரு அடையாளம், 1961க்கு முன்னாடி வந்ததுல பக்கத்துலருந்து சின்னக் கை மாதிரி நீட்டும், அப்புறம்தான் மினுக்குற விளக்கு. ஓப்பன் டாப் மாடல, அதாவது டூரர, கன்வெர்ட்டிபிள்னும் சொல்லுவாங்க, கம்பெனி 1969ல நிறுத்திட்டாங்க. ஆக யாராவது 1970 மாடல் ஒரிஜினல் கன்வெர்ட்டிபிள்னு சொன்னா கேள்வி கேக்கணும், லேட்டா பதிவு பண்ணதா இருக்கலாம், இல்ல சலூன வெட்டினதா இருக்கலாம். இன்னொன்னு, பத்து லட்சமாவது மைனர் 1960 கடைசில வந்தப்போ அத கொண்டாட லேசான ஊதா கலர்ல 350 காடி விசேஷமா செஞ்சாங்க. அது எல்லாமே ரெண்டு கதவு சலூன். ஊதா கலர் அடிச்ச ஓப்பன் டாப்பக் காட்டி "மில்லியன் மைனர்"னு வெல கேட்டா நம்பாதீங்க.

ஃபோன்லயே மூனு விஷயம் கேட்டுருங்க. கிரான், அதாவது காடியோட பதிவுப் பத்திரம், யார் பேர்ல இருக்கு. ரெஸ்டோர் பண்றப்போ எடுத்த படம் இருக்கா, பெயின்ட் அடிச்ச பெறகு எடுத்தது இல்ல, தகரத்த வெட்டி ஒட்டுறப்போ எடுத்தது. கடைசியா, நான் வர்ற அன்னிக்கு எஞ்சின ஸ்டார்ட் பண்ணாம வெப்பீங்களா. நல்லா வேலை செஞ்ச ஆளு படம் வெச்சிருப்பாரு, அதுவும் பெருமையா நூறு படம் அனுப்புவாரு. அந்தப் படத்துல ஒன்னு முக்கியமா தேடுங்க: பழைய சில்ல வெட்டி எடுக்கறதுக்கு முன்னாடி கதவு ஓட்டைல குறுக்க இரும்புக் குழாய் வெச்சி வெல்டு அடிச்சி புடிச்சிருக்கணும். அப்படி முட்டுக் குடுக்காம வெட்டினா காடி நடுவுல தொங்கிரும், அந்தத் தொங்கலோடயே புது தகரத்த ஒட்டினா ஜென்மத்துக்கும் நிமிராது.

பேப்பர்: காடியத் தொடறதுக்கு முன்னாடி

நெறைய பேர் இத கடைசில பாக்கறாங்க, தப்பு. நம்ம பக்கத்துப் பழைய காடில பாதி இன்னும் எறந்து போன தாத்தா பேர்லயோ அப்பா பேர்லயோதான் இருக்கும். "மகன்தான் நான், கையெழுத்துப் போட்டுத் தரேன்"னா அது போதாது. எறந்தவரு பேர்ல உள்ள காடிய மாத்தணும்னா எறந்தவங்க சொத்த நிர்வாகம் பண்ற அமானா ராயாவோ, சின்ன சொத்துக்கான நில அலுவலகமோ, கோர்ட்டோ குடுக்கற உத்தரவு வேணும். அத விக்கிறவரு முடிச்சிட்டு வரட்டும், அதுக்கு முன்னாடி டெபாசிட்கூட குடுக்காதீங்க. வாரிசு நாலு பேரு இருந்து ஒருத்தரு ஒத்துக்கலன்னாலும் காடி உங்க வீட்டு வாசல்ல சும்மா நிக்கும்.

அடுத்தது ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, ரெக்கார்டுல அந்த நம்பர் இன்னும் உயிரோட இருக்கான்னு பாருங்க. இருபது வருஷமா கொட்டாய்ல கெடந்து ரோட் டேக்ஸ் போடாத காடின்னா நேரா ஜேபிஜே கவுன்டருக்குப் போய் கேட்டுட்டு வர்றது நல்லது, சம்மன் பாக்கி, தடை ஏதும் இருக்கான்னும் அங்கயே தெரிஞ்சிரும். ஏ-ல ஆரம்பிக்கிற பேராக் நம்பர், பழைய நம்பர், இதுக்கே தனியா காசு கேக்கற ஆளுங்க இருக்காங்க. நம்பர் ஆசைல காடியோட வெலைய ஏத்திக் குடுத்துராதீங்க, ரெண்டையும் தனித்தனியா யோசிங்க.

இப்ப பானெட்டத் தொறங்க. பின் சுவர்ல ஒரு சின்னத் தகடு இருக்கும், அதுல சேஸிஸ் நம்பர். 1950கள் கடைசிலருந்து வந்த காடில அந்த நம்பர் எழுத்தோட ஆரம்பிக்கும். எம், ஏ, அதுக்கப்புறம் டூரருக்கு வர்ற டி (T) எழுத்து தனியா இருந்தா அது கம்பெனிலயே ஓப்பன் டாப்பா பொறந்தது. எம், ஏ, ரெண்டுங்கற எண், எஸ்னு இருந்தா அது ரெண்டு கதவு சலூன். என் சிவப்புக் காடில அந்த எஸ் தெளிவா இருந்திச்சி, நான் வாங்கறப்போ பானெட்டத் தொறந்து எஞ்சினோட பளபளப்பத்தான் பாத்தேன், அந்தத் தகட்டப் பாக்கவே இல்ல. தகட்டோட ரிவெட்டையும் கவனிங்க. காடி முழுக்க பழசா இருந்து அந்த ரிவெட் மட்டும் புதுசா மின்னிச்சின்னா, வேற காடித் தகட்டக் கொண்டாந்து அடிச்சிருக்கலாம். எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் கிரான்ல உள்ளதோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும். டட்சன் எஞ்சின் மாத்தின மைனர் நம்ம நாட்டுல நெறைய இருக்கு, ஓட்டறதுக்கு சுகமாத்தான் இருக்கும், ஆனா கிரான்ல அத மாத்தலன்னா பேர் மாத்தறப்போ புஸ்பாகோம்ங்கற வண்டி சோதனை நிலையத்து செக்கிங்ல மாட்டிக்குவீங்க.

வெட்டின சலூன் எல்லாமே கெட்டதுன்னு நான் சொல்ல வரல. சரியா பலப்படுத்தி செஞ்சவங்களும் இருக்காங்க. கம்பெனி டூரர்ல சில்லுக்குள்ள கூடுதலா ஒரு தகடு, கதவுத் தூணோட அடில முக்கோணமா முட்டு எல்லாம் குடுத்திருப்பாங்க. வெட்டினதுல அதெல்லாம் போட்டிருக்காங்களா, அதுதான் கேள்வி. போட்டிருந்தாலும் ஒரிஜினல் வெல கேக்கக் கூடாது.

கதவும் சில்லும்: இங்கதான் ஒரு மணி நேரம் செலவு பண்ணணும்

காடி சமமான சிமென்ட் தரைல நிக்கணும். புல்லுல, சாய்வான ரோட்டுல நிக்க வெச்சிருந்தா நகத்தச் சொல்லுங்க.

எட்டிப் போய் பக்கவாட்டுலருந்து பாருங்க. கதவச் சுத்தி உள்ள இடைவெளிய மேலருந்து கீழ வரைக்கும் கண்ணாலயே கோடு மாதிரி ஓட்டிக்கிட்டு வாங்க. கதவோட பின் பக்கத்து இடைவெளி மேல ஒடுங்கி, கீழ அகலமா இருந்தா காடி நடுவுல தொங்கிட்டு இருக்குன்னு அர்த்தம், துணி காயப் போட்ட கொடி மாதிரி. நான் ஒரு பழைய ஐம்பது சென் காச வெச்சி அளப்பேன், மேல நுழையாம கீழ லூசா போகுதுன்னா அந்தக் காடிய விட்டுட்டு வந்துருவேன்.

அப்புறம் ரெண்டு பேர பின் சீட்ல ஒக்கார வெச்சி கதவத் தொறந்து மூடுங்க. நல்ல டூரர்ல ஆள் இருந்தாலும் இல்லன்னாலும் கதவு ஒரே மாதிரி "டப்"னு மூடும். ஆள் ஏறினதும் கதவு இடிக்குது, தூக்கி மூட வேண்டியிருக்குன்னா சில்லு பாரம் தாங்கல. அப்பறம் ஜேக் போட்டு ஒரு பக்கத்தத் தூக்கி, தூக்கின நெலைலயே கதவத் தொறந்து பாருங்க. இந்த சோதனைக்கு ஒத்துக்காத விக்கிற ஆள நான் இதுவரைக்கும் நம்பினது இல்ல. ஜேக் வெக்கறப்போ தகரம் நெளிஞ்சி உள்ள போச்சின்னா அங்கயே வேலை முடிஞ்சிது, பேசாம கை கழுவிட்டு டீ குடிச்சிட்டு வாங்க.

கதவோட நுனியப் புடிச்சி மேல தூக்கிப் பாக்கவும் மறக்காதீங்க. அது ஆடுனா கீல் தேஞ்சிருக்கு, கீல் தேய்மானம் செலவு கம்மி, சில்லு தொங்கலோட அதப் போட்டுக் கொழப்பிக்கக் கூடாது.

இப்ப காந்தம். ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற சின்னக் காந்தத்த மெல்லிசு துணில சுத்தி, சில்லோட வெளி பக்கம், சக்கரத்துக்குப் பின்னாடி உள்ள மூலை, கதவோட அடி, பின் சக்கர மட்கார்ட், இதெல்லாம் மெதுவா நகத்திக்கிட்டே போங்க. ஒட்டாம வழுக்குற எடத்துல தகரம் இல்ல, பட்டி. விரல் முட்டியால தட்டுனாலும் தெரியும், தகரம் "டங்"ங்கும், பட்டி போட்ட எடம் செவுத்தத் தட்டுன மாதிரி செத்த சத்தம் குடுக்கும். அங்கங்க கொஞ்சம் பட்டி இருக்கறது சகஜம், அறுவது வருஷத்துக் காடி. சில்லுல மட்டும் ஒரு எடத்துலகூட இருக்கக் கூடாது.

அடில படுங்க

பழைய சட்ட போட்டுக்கிட்டு போங்க, டார்ச்சும் ஒரு மழுங்கின ஸ்க்ரூ டிரைவரும் போதும். ஜேக் மட்டும் நம்பி அடில போகக் கூடாது, ஸ்டாண்ட் வெச்சி ஆட்டிப் பாத்துட்டு அப்புறம்தான் தலைய உள்ள விடணும். முடிஞ்சா காசு குடுத்து ஏதாவது வொர்க்‌ஷாப் லிஃப்ட்ல ஏத்துங்க.

நம்ம ஊரு மழைதான் இந்தக் காடிக்கு எமன். ஹூட் வழியா எறங்கற தண்ணி கார்பெட்டுக்கு அடில நின்னு தரைத் தகரத்த மேலருந்து தின்னும், கீழருந்து பாத்தா நல்லாவே இருக்கும். அதனால உள்ள கார்பெட்டத் தூக்கியும் பாருங்க, அடிலருந்தும் பாருங்க. மைனர்ல முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பார், நீளமான இரும்புத் தண்டு, அதோட பின் முனை காடிக்கு நடுவுல குறுக்க போற சட்டத்துல புடிச்சிருக்கும். அந்தக் குறுக்குச் சட்டத்தோட ரெண்டு முனையும், ஜேக் வெக்கற எடமும் துரு புடிக்கும். பின்னாடி லீஃப் ஸ்பிரிங்கோட முன் முனை மாட்டியிருக்கற எடம் இன்னொன்னு, பின் சீட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி. ஸ்க்ரூ டிரைவர் நுனியால லேசா அமுக்குங்க, குத்த வேணாம், அடுத்தவங்க காடி. நல்ல இரும்பு கல்லு மாதிரி நிக்கும்.

அடிப்பக்கம் முழுக்க புதுசா கருப்பா தார் மாதிரி கோட்டிங் அடிச்சிருந்தா நான் சந்தோஷப்பட மாட்டேன். துருவ மறைக்க அதவிட சுலபமான வழி கெடையாது. சுத்தமா பெயின்ட் அடிச்சி, வெல்டிங் கோடு கண்ணுக்குத் தெரியற மாதிரி விட்டிருக்கற ஆளுதான் வேலைய நம்பி செஞ்சவரு. பழைய துருத் தகரத்து மேலயே புதுத் தகரத்த ஒட்டியிருந்தா ரெண்டுக்கும் நடுவுல தண்ணி நின்னு ரெண்டு மூனு மழைக்காலத்துல புதுசும் போயிரும்.

முன் சக்கரம்

மைனரோட பேர் கெட்டதுக்குக் காரணம் ஒன்னே ஒன்னு, முன் சக்கரம் திடீர்னு கழண்டு மடங்கி படுத்துக்கும். சக்கரத்தத் திருப்புற அந்தத் தூணுக்குக் கீழ திரெட் போட்ட ஒரு மூட்டு இருக்கு, டிரனியன்னு பேரு. கிரீஸ் அடிக்காம விட்டா திரெட் தேஞ்சி ஒரு நாள் விட்டுரும், பொதுவா மெதுவா திரும்பறப்போதான் நடக்கும், ஆனா சிம்பாங்ல, அதான் ரோட்டு சந்திப்புல, லாரி வர்றப்போ நடந்தா என்ன ஆகும்னு நெனச்சிப் பாருங்க. சோதிக்கறது இப்படி: முன் பக்கத்தத் தூக்கி, டயர மேல ஒரு கை கீழ ஒரு கை புடிச்சி உள்ளயும் வெளியயும் ஆட்டுங்க. கொஞ்சம் ஆட்டம் வந்தா ஒருத்தர பிரேக்க மிதிக்கச் சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க. ஆட்டம் நின்னா அது சக்கர பேரிங், நிக்கலன்னா மூட்டு. கிரீஸ் அடிக்கிற நிப்பிள் மேல ஒன்னு கீழ ஒன்னு இருக்கும், அத விரலால தடவுங்க. புது கிரீஸ் பிதுங்கி நின்னா ஓனர் காடிய நேசிக்கிறவரு. காஞ்சி மண்ணு அப்பியிருந்தா பெயின்ட் எவ்ளோ மின்னினாலும் கவனிப்பு இல்லன்னு தெரிஞ்சிக்கலாம்.

பிரேக்

பிரேக் ஆயில் எங்க ஊத்தறதுன்னு விக்கிறவர்கிட்ட கேளுங்க. பானெட்டுக்குள்ள தேடினாருன்னா அவரு ஒரு நாளும் அதத் தொட்டதில்ல. மைனர்ல மாஸ்டர் பம்ப் டிரைவர் காலுக்கு அடில சேஸிஸ் சட்டத்துக்குள்ள இருக்கு, கார்பெட்ட ஒதுக்கி தரைல உள்ள மூடியத் தொறந்துதான் ஆயில் பாக்கணும். கண்ணுக்குத் தெரியாத எடத்துல இருக்கறதால ரெஸ்டோர் பண்றவங்க பல பேர் இத அப்படியே விட்டுருவாங்க. நாலு சக்கரமும் டிரம், எல்லாத்துக்கும் ஒரே லைன், ஒரு எடத்துல ஒழுகினா நாலும் போயிரும். மிதிச்சி அப்படியே ஒரு நிமிஷம் அழுத்திப் புடிங்க, பெடல் மெதுவா கீழ எறங்கினா பம்ப் ரப்பர் போச்சி. இதுக்குப் பேரம் பேசலாம், ஆனா மாத்தாம வீட்டுக்கு ஓட்டிட்டு வரக் கூடாது.

எஞ்சின், கியர், கரண்ட்

போனதும் ரேடியேட்டர்ல கைய வெச்சிப் பாருங்க. சூடா இருந்தா உங்களுக்காக முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க, ஒரு மணி நேரம் காத்திருங்க. சாவியத் திருப்பினதும் பெட்ரோல் பம்ப் "டிக் டிக் டிக்"னு அடிச்சி நின்னுரும். நிக்காம அடிச்சிக்கிட்டே இருந்தா பெட்ரோல் எங்கயோ போகுது இல்ல காத்து இழுக்குது. ஏ சீரிஸ் எஞ்சின் உழைப்பாளி, பின் பக்கத்துல ஒரு ரெண்டு சொட்டு ஆயில் விடறது அதோட பொறப்புக் கொணம், அதுக்கு பயப்பட வேணாம். ஆக்சிலேட்டர விட்டுட்டு திரும்ப மிதிக்கறப்போ நீலப் புகை வந்தாத்தான் கவலப்படணும்.

சும்மா நிக்க வெச்சி இருபது நிமிஷம் ஓட விடுங்க, நம்ம மத்தியான வெயில்லயே. மைனர்ல கம்பெனி டெம்பரேச்சர் மீட்டர் வெக்கல, யாராவது தனியா போட்டிருந்தா நல்லது. தண்ணி கொதிக்கலன்னா ரேடியேட்டர் வேலை செஞ்சிருக்காங்க. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துல செஞ்சது, ஹெட்ல வால்வு சீட்ட கெட்டியானதா மாத்தியாச்சான்னு கேளுங்க, மாத்தின பில் இருந்தா இன்னும் நல்லது.

மொத கியருக்கு சிங்க்ரோ கெடையாது, காடி நின்ன பெறகுதான் போடணும், உறுமுற சத்தமும் சகஜம். ஓடுறப்போ கால எடுத்ததும் கியர் தானா வெளிய துள்ளுனா மட்டும் கியர்பாக்ஸ் எறக்கணும். கரண்ட் விஷயத்துல ஒரே கேள்வி: பேட்டரில எந்த முனைய பாடில கட்டியிருக்கு? பழைய முறைல பாசிட்டிவ்தான் பாடில போகும். மாத்தியிருக்காங்களா இல்லையான்னு தெரியாம ரேடியோ மாட்டினா எரிஞ்சி போயிரும்.

ஹூட்

நீங்களே ஏத்தி எறக்குங்க, அவரு செஞ்சிக் காட்டறத நின்னு பாக்காதீங்க. கம்பி எங்கயும் சிக்காம மடியணும், முன் கண்ணாடிச் சட்டத்துல இழுத்துப் புடிக்கறப்போ ரெண்டு பக்கமும் ஒரே இறுக்கம் இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் முரண்டு புடிச்சா கம்பி வளைஞ்சிருக்கு, இல்ல பாடியே முறுக்கியிருக்கு. தையல் மேல விரல ஓட்டுங்க, நூல் பொடிஞ்சி வந்தா வெயில் தின்னுட்டுது. துணி மாத்தறது பெரிய விஷயம் இல்ல, ஈப்போல கொஞ்சம் தேடினா நல்ல குஷன் கடை கெடைக்கும், கம்பி இல்லன்னாத்தான் பாடு.

ரெண்டு வாளி தண்ணி கேட்டு வாங்கி மேல மெதுவா ஊத்துங்க. முன் கண்ணாடியோட மேல் ஓரத்துல ஒரு ரெண்டு சொட்டு எறங்கலாம், ஓடையா எறங்கக் கூடாது. வாங்கின பெறகும் ஈர ஹூட்ட மட்டும் மடிச்சி வெச்சிராதீங்க, ஒரே ராத்திரில பூஞ்சை வந்திரும்.

ஓட்டிப் பாக்கறது

டவுனுக்குள்ள ஒரு ரவுண்டு போதாது. நான் சுங்கை சிப்புட் பழைய பெரிய ரோட்டப் புடிச்சி சாலாக் உத்தாரா, எங்கோர் வழியா கோலக் கங்சார் வரைக்கும் போயிட்டு வருவேன், ரோடும் அகலம், லாரியும் வரும், மேடு பள்ளமும் இருக்கு. ஸ்டீரிங் ரேக் அண்ட் பினியன், கை வெச்ச எடத்துக்கு காடி போகணும், மைனரோட அழகே அதுதான். கையெடுத்தா ஒரு பக்கம் இழுக்குதா பாருங்க. திரும்பி வர்றப்போ ஏதாவது தோட்டத்து செம்மண் ரோட்டுல மெதுவா எறக்குங்க. அங்க கண்ணாடிச் சட்டத்து மேல ஒரு கைய வெச்சிக்கங்க, டேஷ்போர்டு மேல இன்னொருத்தரு கைய வெக்கட்டும். ஓப்பன் டாப்ல கொஞ்சம் நடுக்கம் இருக்கத்தான் செய்யும், ஆனா கண்ணாடிச் சட்டம் ஒரு தாளத்துலயும் கதவு வேற தாளத்துலயும் ஆடினா பாடி உறுதியா இல்ல. என் ரெண்டாவது காடிய, இப்ப வெச்சிருக்கற அந்த பச்சைய, இந்த செம்மண் ரோட்டுலதான் நான் முடிவு பண்ணேன், கை வெச்சப்போ முழுக் காடியும் ஒரே கட்டையா அசஞ்சிது.

வெலையும் பேர் மாத்தறதும்

பாத்ததெல்லாம் ஒரு தாள்ல எழுதி, ஒவ்வொன்னுக்கும் உங்க போமென்கிட்ட செலவு கேட்டுட்டு அப்புறமா பேசுங்க. காடி முன்னால நின்னுக்கிட்டு வெல பேசாதீங்க, கண்ணு மனச கெடுத்துரும். பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் காசு குடுக்கறதவிட, சில் வேலைக்கு ஆதாரமா படமும் பில்லும் வெச்சிருக்கற ஆளுக்கு கூட குடுக்கறது நியாயம், அவரு பட்ட கஷ்டம் கண்ணுக்குத் தெரியாத எடத்துல இருக்கு.

டெபாசிட் குடுத்தா எழுதி வாங்குங்க, புஸ்பாகோம் செக்கிங் பாஸாகலன்னா திருப்பித் தரணும்னு அதுலயே போடுங்க. பேர் மாத்தறதுக்கு உண்டான செக்கிங் பேரு பி5, அங்க எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் பாப்பாங்க. அது பாஸான பெறகு ரெண்டு பேரும் ஐசி, அதான் அடையாள அட்ட, எடுத்துக்கிட்டு ஜேபிஜே போய் கைரேக வெச்சி மாத்திக்கங்க, மிச்சக் காச அங்கதான் குடுக்கணும். கிரான் கைல வராம முழுக் காசும் போகக் கூடாது, சொந்தக்காரரா இருந்தாலும் சரி.

ரோட் டேக்ஸ் செலவு ஒன்னுமே இல்ல, ஆயிரம் சிசிக்கு உள்ளன்னா வருஷத்துக்கு 20 வெள்ளி (ரிங்கிட்), 1,098 எஞ்சின்னா 55 வெள்ளி. இன்சூரன்ஸ்தான் யோசிக்கணும். சாதாரணமா பழைய காடிக்கு தேர்ட் பார்ட்டி மட்டும்தான் போடுவாங்க, காடி தொலஞ்சாலோ எரிஞ்சாலோ உங்களுக்கு ஒரு சென்னும் வராது. கிளாசிக் காடிக்கு முன்னாடியே வெல பேசி முடிவு பண்ணி போடுற பாலிசி குடுப்பாங்களான்னு ஏஜென்ட்கிட்ட கேளுங்க, படம், பில் எல்லாம் அங்கயும் கேப்பாங்க.

வீட்டுக்கு வந்த மொத வாரம்

எங்கயும் ஊர் சுத்தக் கெளம்பிராதீங்க, எவ்ளோ ஆசையா இருந்தாலும். மொத நாளே கிரீஸ் கன் எடுத்து முன் சக்கர மூட்டு எல்லாத்துலயும் புது கிரீஸ் வெளிய பிதுங்கற வரைக்கும் அடிங்க, அப்புறம் மாசம் ஒரு தடவ. பிரேக் ஆயில் முழுசா மாத்துங்க, பெட்ரோல் ஹோஸ் பழசா இருந்தா அதையும், அது ஒழுகினா எஞ்சின் சூட்டுல தீதான். நாலு டயரோட பக்கத்துல உள்ள நாலு நம்பரப் பாருங்க, எந்த வாரம் எந்த வருஷம் செஞ்சதுன்னு சொல்லும். பட்டன் நல்லா இருந்தும் ரப்பர் காஞ்சி வெடிச்ச டயர் ரெஸ்டோர் பண்ண காடில ரொம்ப சகஜம்.

அப்புறம் மொத பெரிய மழை வர்ற வரைக்கும் காத்திருங்க. நம்ம பக்கம் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் வந்திரும். நின்னதும் கார்பெட்ட நாலு மூலைலயும் தூக்கி, உள்ளங்கைய தரைத் தகரத்துல வெச்சிப் பாருங்க. நான் பச்சைய வாங்கின வாரம் அப்பாவும் கூட வந்து குனிஞ்சி கைய வெச்சாரு, காஞ்சிதான் இருந்திச்சி, அப்படியே பின் சீட்ல ஏறி ஒக்காந்துக்கிட்டு "எடுப்பா, கோலக் கங்சார் போலாம்"னாரு.